எடுக்கக் கூடாத ஒடுக்கு

அத்தானின் வேலையை நீங்கள் தெருவில் நூறு தடவையாவது பார்த்திருப்பீர்கள், ஆனால் கவனித்திருக்க மாட்டீர்கள். கவனித்திருந்தால் அவர் தோற்றுவிட்டார் என்று அர்த்தம். அடிபட்ட கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர் அவர். கதவு நசுங்கி, முன்பக்கம் கிழிந்து வருகிற வண்டியை, வாங்கின அன்று இருந்த மாதிரியே திருப்பிக் கொடுப்பது எங்கள் பிழைப்பு. தகரத்தில் விழுந்த ஒடுக்கை எடுப்பது நான், அதன் மேல் நிறத்தைச் சேர்ப்பது அவர். என் அக்காவைக் கட்டிக்கொண்டவர் என்பதால் எனக்கு அத்தான். பட்டறையில் மற்ற எல்லோருக்கும் 'சைலன்சர்'.

அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் நான்தான். வேறென்ன வைப்பது? காலையில் வந்தால் ஒரு தலையாட்டல், சாயங்காலம் கிளம்பும்போது இன்னொரு தலையாட்டல். இருபத்தொன்பது வருஷம் ஒரே கூரைக்குக் கீழே வேலை பார்த்தோம். அவர் பேச வேண்டியதையும் சேர்த்து நானே பேசிக்கொண்டிருந்தேன். எனக்கு வாயும் ஓயாது, கோபமும் மூக்கு நுனியில் இருக்கும். ஸ்பானரை எறிந்திருக்கிறேன், ஸ்டூலை உதைத்துக் கால் விரலை முறித்துக்கொண்டிருக்கிறேன். அவரோ பெயிண்ட் டின் கவிழ்ந்து பாதிச் சட்டை நனைந்தால்கூட, சட்டையைக் கழற்றி உதறிவிட்டு அடுத்த டின்னைத் திறப்பார். இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா என்று எனக்கு எரிச்சலாகவே இருக்கும்.

என்னைவிடப் பாவம் அக்கா. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் விசாரணைக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறாள். எக்ஸ்ரே எங்கே, கண்ணு டாக்டர் எந்த மாடி, அப்பாவை எப்போது பார்க்க விடுவீர்கள் என்று வருகிற கேள்விக்கெல்லாம் எட்டு மணி நேரம் பதில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வருவாள். வந்து இந்த மனுஷனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பதில் வாங்க முடியாது. "என்னடா மனசுல இருக்குன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. சுவத்துக்கிட்ட பேசினா எதிரொலியாவது வரும்" என்பாள். கெட்டவர் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. சம்பளம் அப்படியே கைக்கு வரும், காய்ச்சல் வந்தால் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். பேச்சு மட்டும் கிடையாது.

ஆனால் நிறம் என்று வந்தால் அவரை அடிக்க ஆளில்லை. வெள்ளை என்று நாம் ஒரு வார்த்தையில் முடித்துவிடுவோம். அவருக்கு வெள்ளையிலேயே முப்பது வெள்ளை உண்டு. கம்பெனி கொடுக்கிற கணக்குப்படி கலந்தால் புது வண்டிக்குத்தான் சேரும். நாலு வருஷம் வெயிலில் நின்ற வண்டிக்குச் சேராது. அவர் கலந்ததை ஒரு சின்ன அட்டையில் தடவி, காய விட்டு, வண்டியின் மேல் வைத்துப் பார்ப்பார். டியூப்லைட் வெளிச்சத்தில் பார்க்கவே மாட்டார். வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் ஒரு தடவை, நிழலில் ஒரு தடவை. பிறகு ஊசி முனையளவு நீலமோ கருப்போ சேர்ப்பார். வேலை முடிந்தால் இன்ஷூரன்ஸ்காரன் வந்து எந்தப் பக்கம் இடித்தது என்று என்னிடம் கேட்பான்.

அப்படிப்பட்டவரிடம் ஒரு நாள் ஓவியக் கல்லூரி டீச்சர் ஒருத்தர் வண்டி கொண்டு வந்தார். சில்வர் கலர், இடது கதவில் அடி. நான் ஒடுக்கு எடுத்தேன், அத்தான் பெயிண்ட் அடித்தார். வண்டி எடுக்க வந்த டீச்சர் இரண்டடி தள்ளி நின்று பார்த்தார்.

"கதவு மட்டும் லேசா பச்சையா இருக்கே."

எனக்குச் சுருக்கென்றது. "மேடம், இவர் கையில பட்ட வண்டிய இதுவரைக்கும் ஒருத்தர்கூட..." என்று ஆரம்பித்துவிட்டு நானும் பார்த்தேன். இருந்தது. ஸ்கூல் பிள்ளைகூடக் கண்டுபிடிக்கும் அளவுக்கு இருந்தது. அத்தானைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கதவையும் அதற்குப் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது மாப்ள" என்றார்.

அடுத்த வாரம் கண் ஆஸ்பத்திரிக்குப் போனார். அக்கா வேலை பார்க்கிற இடத்திலேயே கண் பிரிவு இருக்கிறது. அங்கே போகாமல், இரண்டு பஸ் மாறி வேறொன்றுக்குப் போனார். கண்ணுக்குப் பின்னால் இருக்கிற நரம்பு வாடிக்கொண்டிருக்கிறதாம். வெளிச்சமும் இருட்டும் தெரியும், ஆள் தெரியும், எழுத்து தெரியும். நிறம் மட்டும் ஒவ்வொன்றாகப் போய்விடும். ஆபரேஷன் கிடையாது, கண்ணாடி கிடையாது. இதை மறுநாள் என்னிடம் நாலே வரியில் சொன்னார். அவருக்கு அதுவே பெரிய சொற்பொழிவு.

"அக்காகிட்ட சொல்லிடாத. நானே சொல்றேன்."

சரி என்றேன். அந்த 'நானே சொல்றேன்' ஒன்றரை வருஷம் இழுத்தது. இடையில் பட்டறையில் நாங்கள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். அட்டையை வெயிலுக்கு எடுத்துப் போய்ப் பார்ப்பது நான், கலப்பது அவர். "கொஞ்சம் நீலம் தூக்கலா இருக்கு அத்தான்" என்பேன், அவர் மஞ்சளில் ஒரு துளி விடுவார். என் கண் ரொம்பச் சுமார்தான். ஆனாலும் சமாளித்தோம். வீட்டில் அவர் எப்படிச் சமாளித்தார் என்று நான் கேட்கவில்லை. அக்கா எதிரே வந்தாலே ஏதாவது சாக்குச் சொல்லி நழுவிவிடுவேன். கொடுத்த வாக்கு, என்ன செய்ய?

அந்தச் சில்வர் கதவைத் திரும்ப அடித்துத் தருவதற்காக வண்டி மறுபடி வந்தபோது, பின் சீட்டில் ஒரு தடித்த படப் புத்தகம் கிடந்தது. வண்டியை மூடிக் காகிதம் ஒட்ட வேண்டும் என்று அத்தான் அதை வெளியே எடுத்து வைத்தார். சாப்பாட்டு நேரத்தில் பார்த்தால், டிபன் பாக்ஸைத் திறக்காமல் அதையே புரட்டிக்கொண்டிருக்கிறார். நானும் எட்டிப் பார்த்தேன். ஒரு பக்கம் முழுக்க ஒரு தலை. தலை என்று நானாகச் சொல்லிக்கொள்கிறேன். பெயிண்டை அள்ளி அப்பி, கத்தியால் கீறி, வழிந்ததை வழியவிட்டு, வாய் ஒரு பக்கம், பல் ஒரு பக்கம்.

"என்ன அத்தான், டின் கவுந்து போச்சா?"

"இல்ல மாப்ள. இவன் எதையும் மறைக்கல."

வரைந்தவன் தன்னையேதான் அப்படி வரைந்திருக்கிறான் என்று டீச்சர் பிறகு சொன்னார். இந்த மாதிரிப் படங்களுக்கு நியோ எக்ஸ்பிரஷனிசம் என்று பெயராம். அந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்ல எனக்கு இரண்டு டீ வேண்டும். அழகாக இருக்கிறதா, அசலைப் போல இருக்கிறதா என்றெல்லாம் இவர்கள் கவலைப்பட மாட்டார்கள், உள்ளே இருப்பதை அப்படியே வெளியே போடுவார்கள் என்றார். அத்தான் தலையாட்டினார். டீச்சர் புத்தகத்தை அவரிடமே விட்டுவிட்டுப் போனார்.

பட்டறையின் பின்சுவரில் ஒரு பழைய பானட் சாய்ந்து கிடந்தது. என்ஜினை மூடுகிற முன்பக்கத் தகடு. நடுவில் ஒரு ஆழமான ஒடுக்கு. எடைக்குப் போடலாம் என்று நான் நினைத்திருந்தேன். புத்தகத்தைப் புரட்டியே ஒரு வருஷம் போன பிறகு, ஒரு நாள் அத்தான் அதைத் துடைத்து நிமிர்த்தி வைத்தார். அதற்குப் பிறகு மூன்று மாதம், சாப்பாட்டு நேரத்தில் அவர் அதற்கு முன்னால்தான் இருந்தார்.

அவர் பெயிண்ட் அடிப்பதை வாழ்நாளெல்லாம் பார்த்தவன் நான். இது அவர் கைதானா என்று எனக்கே சந்தேகம் வந்தது. ஒரு சொட்டு வழிந்தால் முழுக் கதவையும் தேய்த்து மறுபடி அடிக்கிற ஆள், இங்கே வழியவிட்டு வேடிக்கை பார்த்தார். ஓட்டை அடைக்கிற பட்டியைக் குழைத்துக் கன்னத்தில் அப்பினார். வழக்கமாக அதை உப்புத்தாளால் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்குவார். இதில் அப்படியே கரடுமுரடாக விட்டார். கருப்பு, வெள்ளை, அடியில் அடிக்கிற துருச் சிவப்பு பிரைமர். அதுவும் சிவப்பு என்று அவர் கண்ணுக்குத் தெரியாது, டின்னில் எழுதியிருப்பதைப் பார்த்து எடுத்தார். தகரம் தெரியும்வரை ஆணியால் கீறினார். மெல்ல மெல்ல ஒரு பெரிய தலை எழும்பியது. நெற்றி இருந்தது, இறுக மூடின வாய் இருந்தது, கழுத்து நரம்பு இருந்தது. நடுவில் அந்த ஒடுக்கு மட்டும் குழியாகவே கிடந்தது. அதற்குள் ஒரே ஒரு மெல்லிய கருப்பு அடித்திருந்தார்.

"யாரு அத்தான் இது?"

"நான்தான்."

"கண்ணு வைக்கலையே?"

"இருக்கு" என்றார். எங்கே என்று நான் கேட்டிருக்க வேண்டும். இனிமேல்தான் வைக்கப்போகிறார் போல என்று நினைத்துக்கொண்டு போய்விட்டேன்.

டீச்சர் எதற்கோ வந்தபோது அதைப் பார்த்தார். ரொம்ப நேரம் நின்று பார்த்தார். தங்கள் கல்லூரியில் தன்னைத் தானே வரைந்துகொண்டவர்களின் கண்காட்சி ஒன்று நடக்கப்போவதாகவும், இதைக் கட்டாயம் கொடுக்க வேண்டும் என்றும் கேட்டார். சனிக்கிழமை நாலு மணிக்கு வேன் அனுப்புவதாகச் சொன்னார். அத்தான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"என் வீட்டுக்காரியக் கூட்டிட்டு வரலாமா?"

டீச்சர் போன பிறகு, கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார். "அவ இதைப் பாத்தாப் புரிஞ்சுடும் மாப்ள. நான் வாயத் தொறந்து சொல்ல வேண்டியதில்ல."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒன்றரை வருஷமாக அக்காவிடம் சொல்ல முடியாததைச் சொல்லத்தான் இந்தப் பாடு. அக்காவுக்குப் படம் இருப்பது தெரியும். ஆனால் சுவரில் மாட்டிய பிறகுதான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். "ஊர் டீச்சருக்கெல்லாம் காட்டுவாரு, எனக்கு மட்டும் கடைசியில" என்று அவள் என்னிடம் புலம்பினாலும் உள்ளூரச் சந்தோஷம்தான். லீவுகூடப் போட்டு வைத்திருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை ஒரு மணிக்கு அத்தான் முடி வெட்டப் போனார். நான் தனியாக இருந்தேன். டாக்ஸி ஓட்டுகிற ஒருத்தர், பழைய வாடிக்கை, பம்பரைக் காட்ட வந்தவர் பானட்டைப் பார்த்துவிட்டார்.

"என்னப்பா, ஒடுக்க எடுக்காமயே பெயிண்ட் அடிச்சிருக்கீங்க? தொழில் அவ்வளவு மோசமாயிடுச்சா?"

சும்மா கிண்டலுக்குத்தான் சொன்னார். சிரித்துக்கொண்டே போயும் விட்டார். எனக்குத்தான் ஆறவில்லை. படத்துக்குக் கீழே எங்கள் பட்டறைப் பெயரை எழுதி ஒட்டப்போவதாக டீச்சர் சொல்லியிருந்தார். படித்தவர்களும் பணக்காரர்களும் வந்து நிற்கிற இடம். பெயிண்டருக்கு மச்சான் ஒடுக்கு எடுக்கிற டிங்கர், அவன் இத்தனை பெரிய ஒடுக்கைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு சும்மா இருந்தான் என்று நாலு பேர் நினைக்க மாட்டார்களா? பெயிண்டில் அவர் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும், அது அவர் பாடு. தகரம் என் பாடு. அவருக்கு நான் செய்யக்கூடிய உதவி வேறென்ன இருக்கிறது என்றும் தோன்றியது. கடவுள் சத்தியமாக, நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

பானட்டைக் குப்புறப் படுக்கவிடாமல், ஒரு பழைய சீட் மெத்தை மேல் விளிம்பு படும்படி நிறுத்தினேன். பின்பக்கத் துளை வழியாக வளைந்த கம்பியை விட்டேன். தகரத்துக்கு லேசாகச் சூடு காட்டி, கடுகு கடுகாகத் தள்ளினேன். அவசரப்பட்டால் மேலே இருக்கிற பெயிண்ட் வெடித்துவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. குழிக்குள் இருந்த கருப்பில் ஒரு மயிரிழை வெடிப்புக்கூட விழவில்லை. சுற்றியிருந்த கீறல், வழிசல், பட்டி எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்தேன், மட்டம் என்றால் அப்படி ஒரு மட்டம். முப்பத்திரண்டு வருஷத் தொழிலில் அவ்வளவு சுத்தமாக நான் வேலை செய்ததே இல்லை.

அத்தான் வந்தார். முடி வெட்டி, ஷேவ் செய்து, மாப்பிள்ளை மாதிரி இருந்தார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவர் பானட்டுக்குப் பக்கத்தில் போனார். எந்த வேலையானாலும் கையால் தடவித்தான் பார்ப்பார், அதே மாதிரி புறங்கையை வைத்து மேலிருந்து கீழே ஒரு தடவை இழுத்தார். நடுவில் கை நின்றது. இன்னொரு தடவை இழுத்தார்.

"ரொம்ப நல்லா எடுத்திருக்க மாப்ள" என்றார். "கை வச்சாலும் தெரியல."

அந்தக் குரலிலேயே எனக்கு ஏதோ தப்பு என்று தெரிந்துவிட்டது. "என்ன அத்தான்?" என்றேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு பேசினார். இருபத்தொன்பது வருஷத்தில் அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"கண்ணு ஆஸ்பத்திரியிலேருந்து வந்த அன்னிக்கு நீ கேஸ் சிலிண்டர் வாங்கப் போயிருந்த. இங்க ஒருத்தரும் இல்ல. ரெண்டு அட்டையில ரெண்டு கலர் தடவிப் பாத்தேன். ஒண்ணு பச்சை, ஒண்ணு சிவப்பு. டின்ல அப்படித்தான் போட்டிருந்துது. எனக்கு ரெண்டும் ஒரே சாம்பல். உன் சுத்தியலத் தூக்கி இந்த பானட்ல ஓங்கி ஒண்ணு போட்டேன். ஒரே ஒரு அடி. நான் கோவத்துல செஞ்சது அது ஒண்ணுதான் மாப்ள. அதுதான் கண்ணு. மத்ததெல்லாம் அதைச் சுத்திப் போட்டது."

நான் பானட்டைப் பார்த்தேன். அவர் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. குழி இருந்தவரை அந்த முகம் நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தது. இப்போது நெற்றிக்கும் வாய்க்கும் நடுவில் ஒரு வழவழப்பான கருப்பு இடம், அவ்வளவுதான். தூங்குகிறவன் முகமாகக்கூட இல்லை. யார் முகமாகவும் இல்லை.

என் சுத்தியலை எடுத்து அவர் கையில் திணித்தேன். "திரும்ப அடிங்க அத்தான். அதே இடம்தான், எனக்கு நல்லாத் தெரியும். நான் பிடிச்சுக்கறேன், அடிங்க."

வாங்கினார். எழுந்து நின்றார். கை பாதி தூரம் உயர்ந்து அப்படியே நின்றது. சுத்தியலை மெதுவாக மேசை மேல் வைத்தார்.

"கோவம் வரலையே மாப்ள."

"என் மேல கோவப்படுங்க. நான்தானே கெடுத்தேன்."

"உன் மேல எப்படி வரும்? நீ உன் வேலையத்தான செஞ்ச."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. திட்டியிருந்தால் வந்திருக்காது. டீச்சருக்குப் போன் செய்து படம் இல்லை என்று சொல்லிவிடலாம் என்றார், அமைதியாக, சைக்கிளில் காற்று இல்லை என்று சொல்வதுபோல. அப்போதுதான் எனக்குள் இருக்கிற கோபக்காரன் எழுந்தான். படம் இல்லை என்றால் அக்காவுக்கு யார் சொல்வது? இன்னொரு மூன்று மாதம், இன்னொரு ஒன்றரை வருஷமா? வாசலுக்குப் போய் அக்காவுக்குப் போன் போட்டேன். "உடனே பட்டறைக்கு வா. ஒண்ணும் ஆகல, ஆனா வா" என்றேன்.

ஒண்ணும் ஆகல என்றால் எந்தப் பெண் நம்புவாள்? இருபது நிமிஷத்தில் மூச்சிரைக்க வந்து நின்றாள். பானட்டைத்தான் முதலில் பார்த்தாள். "இதுவா?" என்றாள். சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "வாய் நீங்கதான். அப்படியே இருக்கு. நடுவுல என்ன, ஒண்ணுமே காணோம்?"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் விடவில்லை. "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எனக்கு நிறம் தெரியல. எதுவுமே தெரியல. இனிமே வராதாம்."

எப்போதிலிருந்து என்று அக்கா கேட்டாள், சொன்னார். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டாள், அதையும் சொன்னார். "உனக்கும் தெரியுமா?" என்று என் பக்கம் திரும்பினாள். தெரியும் என்றேன்.

"வர்றவன் போறவனுக்கெல்லாம் கண்ணு டாக்டர் எந்த மாடின்னு கை காட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். நீங்க ரெண்டு பஸ் மாறி எங்கயோ போயி, தனியா கேட்டுட்டு, தனியா வந்திருக்கீங்க." குரல் உடைந்தது. "கூட வந்திருப்பேனே."

"நீ அழுவியேன்னு சொல்லல."

"இப்ப மட்டும் என்ன பண்றேன்?"

வெளியே வேன் வந்து ஹாரன் அடித்தது. நான் போய், படம் இல்லை, டீச்சரிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது அக்கா அவருக்கு எதிரே கவிழ்த்துப் போட்ட டின்மேல் உட்கார்ந்திருந்தாள். கண்ணைத் துடைத்துவிட்டுத் தன் ஸ்வெட்டரைப் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"போன வாரம் இதை வாங்கிப் போட்டுக் காட்டினேனே. நல்லா இருக்குன்னு சொன்னீங்களே."

"நல்லாத்தான் இருந்துச்சு. என்ன கலருன்னுதான் தெரியல."

"பச்சை."

அத்தான் நிமிர்ந்து பார்த்தார். "எந்தப் பச்சை?"

"பச்சைன்னா பச்சைதான், அதுல என்ன..." என்று ஆரம்பித்தவள் அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். எழுந்து வாசல் வெளிச்சத்துக்குப் போனாள். கையை நீட்டி, ஸ்வெட்டரின் நுனியை விரலால் இழுத்துப் பிடித்து, அதுவரை பார்த்தே இராத பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"இலைப் பச்சை இல்ல. கொஞ்சம் மஞ்சள் இருக்கு. இருங்க, நெழல்ல பாக்கறேன்."

"மஞ்சள் எவ்வளவு?" என்று கேட்டார் அத்தான்.